பீரோவுக்கு அடியில் இரண்டு கண்கள்

சுடுநீரும் கயிறும் கண்ட ஒரு பூனைக்குட்டி மனிதக் கையை மறுபடியும் நம்புமா? வட கொல்கத்தாவில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஸ்கேலும் காலண்டருமாக உட்கார்ந்து பார்த்தார்.

ஷியாம்பஜார் ஐந்துமுனைச் சந்திப்பில் குதிரைமேல் வீற்றிருக்கும் நேதாஜியைத் தாண்டி இரண்டு சந்துகள் உள்ளே போனால் அந்த வீடு வரும். பச்சை மரச் சன்னல்கள், சிவப்பு சிமென்ட் தரை, வாசலில் மாலை அரட்டைக்கென்றே கட்டிய திண்ணை. மாடி அறையில் ஒரு பழைய தேக்கு பீரோ. அதன் அடிப்பலகைக்கும் தரைக்கும் நடுவே நான்கு அங்குல இடைவெளி. 2023 செப்டம்பர் 25ஆம் தேதி மாலை ஒரு பூனைக்குட்டி அதற்குள் புகுந்துகொண்டது. அடுத்த பத்து நாட்களுக்கு அந்த வீட்டில் யார் குனிந்து பார்த்தாலும் தெரிந்ததெல்லாம் இரண்டு கண்கள்தான்.

"யார் குனிந்து பார்த்தாலும்" என்பதில் ஆள் அதிகமில்லை. வீட்டில் இருப்பவர் ஒருவரே. வயது 61. பெண்கள் பள்ளி ஒன்றில் புவியியல் கற்பித்து ஓய்வுபெற்றவர். கணவர் இல்லை. மகன் பெங்களூரில். சந்து முழுக்க அவரை 'மாஷிமா' என்றே அழைக்கிறது. நம் ஊரில் சித்தி, பெரியம்மா என்று கூப்பிடுவதைப் போன்ற உறவுப்பெயர் அது. பூனை வளர்க்கும் எண்ணம் அவருக்கு எப்போதும் இருந்ததில்லை. மீன் இருக்கும் வீட்டில் பூனை எதற்கு என்று கேட்கிற கட்சி அவர்.

சந்து முனையில் ஒரு சந்தேஷ் கடை. பாலைத் திரித்து, சேனாவைத் துணியில் வடிகட்டிய பிறகு வாளி வாளியாகச் சுடுநீர் மிஞ்சும். அதைக் கடையின் பின்புறச் சாக்கடையில் கவிழ்ப்பது வழக்கம். பால் வாசனைக்குத் தெருப்பூனைகள் அங்கேயே சுற்றும். அன்று காலை வாளி கவிழ்ந்தபோது குட்டி அங்கே இருந்தது. வேண்டுமென்றே ஊற்றினார்களா, பார்க்காமல் ஊற்றினார்களா என்பதில் சந்துக்குள் இன்றும் இரண்டு கட்சி உண்டு. அதன் வாலில் சதைக்குள் இறுகிக் கிடந்த பிளாஸ்டிக் கயிற்றைப் பற்றி மட்டும் கட்சி ஏதுமில்லை. கயிறு தானாக முடிச்சுப் போட்டுக்கொள்ளாது.

இடது விலாவில் தோல் உரிந்து, சாக்கடை ஓரத்தில் சுருண்டு கிடந்த குட்டியை ஆசிரியை கடைவீதிப் பைக்குள் போட்டு எடுத்தார். எடுத்ததற்குக் கூலியாக வலது கையில் ஐந்து கீறல், கட்டைவிரலில் ஒரு கடி. விலங்கை மீட்கிறவர்களில் பலர் கவனிக்காத இடம் இது. ரேபிஸ் என்றாலே நாய் என்று நினைக்கிறோம். பூனை கடித்தாலும் வரும், வந்தால் பிழைப்பது அரிது. காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். 'சின்னக் கீறல்தானே' என்று விடாமல் அன்றே ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். அரசு மருத்துவமனைகளில் அது இலவசம். முதல் நாள், அதிலிருந்து 3, 7, 28ஆம் நாட்கள் என்று அவருக்கு நான்கு தேதி கொடுத்தார்கள். சுவரில் தொங்கிய வங்காளக் காலண்டரில் அவற்றைக் குறித்துவைத்தார். பிறகு அதே காலண்டரில்தான் பூனையின் கணக்கும் ஏறியது.

அன்றே கால்நடை மருத்துவரிடம் போனதில் கயிறு அறுந்தது, தீக்காயம் சுத்தமானது. மருந்தை உணவில் கலந்து கொடுக்கச் சொன்னார். வீட்டில் கைக்கு எட்டும் எதையும் தானாகக் கொடுத்துவிடக் கூடாது என்றும் எச்சரித்தார். வலிக்குத்தானே என்று கொடுக்கும் பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். மனிதர்களைப் போல அதை முறிக்கும் திறன் பூனையின் ஈரலுக்குக் கிடையாது. வங்காளி வீடுகளில் எந்தக் காயத்துக்கும் தடவும் களிம்பும் வேண்டாம். தடவியதை நக்கியே தீர்க்கும் பிராணி. பால் வேண்டாம்; தாய்ப்பால் மறந்த குட்டிகள் பலவற்றுக்கு மாட்டுப்பால் வயிற்றுப்போக்கில்தான் முடியும். வெங்காயம் சேர்ந்த குழம்பு மீனும் விஷம். உப்பில்லாமல் வேகவைத்த மீன் போதும்.

கடைசியாக ஒரு கேள்வி கேட்டார். "இதை வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் போகிறீர்களா, ஆறியதும் தெருவில் விடப்போகிறீர்களா? விடுவதாக இருந்தால் உங்கள் கையைப் பழக்கிவிடாதீர்கள், மாஷிமா."

மருத்துவர் கருணையில்லாதவர் அல்ல. தெருவில் வாழும் பூனைக்குப் பயம்தான் காவல். ஒரு கையை நம்பக் கற்றுக்கொண்ட பூனை அடுத்த கையையும் நம்பிப் போகும். அடுத்த கையில் என்ன இருக்கும் என்று யாருக்குத் தெரியும்? வீட்டுப்பூனை 15 ஆண்டு இருக்கக்கூடும். 61உடன் 15ஐக் கூட்டிப் பார்த்துவிட்டு ஆசிரியை பதில் சொல்லாமல் வீட்டுக்கு வந்தார். பெயர் வைக்கவில்லை. வங்காளத்தில் பெண் பூனைக்கு 'மேனி', ஆண் பூனைக்கு 'ஹூலோ' என்று பொதுவான சொற்கள் உண்டு. மேனி என்பதே போதும் என்று விட்டுவிட்டார்.

குட்டிக்கு அப்போது இரண்டு மாதத்துக்குச் சற்று மேல் இருக்கும் என்பது மருத்துவரின் கணிப்பு. இந்த வயதுக் கணக்கு முக்கியம். பூனைக்குட்டிகள் மனிதர்களை ஏற்றுக்கொள்ளும் பருவம் ஏறக்குறைய இரண்டாவது வாரத்திலிருந்து ஏழாவது வாரம் வரை என்று 1980களில் பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் ஐலீன் கார்ஷ் நடத்திய ஆய்வுகள் காட்டின. அந்தப் பருவத்தில் தினமும் 15 நிமிடம் கையில் எடுத்துப் பழக்கிய குட்டிகளைவிட, 40 நிமிடம் பழக்கிய குட்டிகள் மனிதர்களிடம் எளிதில் ஒட்டின. தந்தைப் பூனை எப்படிப்பட்டது என்பதும் ஒரு காரணம்: தைரியசாலித் தந்தையின் குட்டிகள், தந்தையை ஒருமுறைகூடப் பார்க்காவிட்டாலும், துணிந்து முன்னே வருகின்றன என்று 1995ல் சாண்ட்ரா மெக்கியூன் எழுதினார். பீரோவுக்கு அடியில் கிடந்த குட்டிக்கு அந்த ஐந்து வாரமும் சாக்கடை ஓரத்தில் கழிந்துவிட்டது. கதவு முழுக்க மூடிவிடவில்லை, ஆனால் இனி தள்ளித்தான் திறக்க வேண்டும். தள்ளக் கூடாது என்பதுதான் இதில் உள்ள சிக்கல்.

முதல் நாட்களில் செய்தது ஒன்றுமே இல்லை. குட்டியை வெளியே இழுக்கவில்லை. தெருவாசிகள் இருவர் துடைப்பத்தோடு உதவிக்கு வந்து திரும்பிப் போனார்கள். ஒளிந்துகொள்ளும் இடத்தைப் பறிப்பதுதான் பயந்த பூனைக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல். நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தார் 2014ல் ஒரு காப்பகத்தில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் புகுந்துகொள்ள ஒரு பெட்டி கொடுத்தார்கள். பெட்டி கிடைத்தவை சில நாட்களிலேயே மற்றவற்றைவிடச் சீக்கிரம் தெளிந்தன. இங்கே பீரோவே பெட்டி. அறையின் மறுகோடியில் மண் நிரப்பிய தட்டு ஒன்று, பீரோ விளிம்பில் மீன் தட்டு ஒன்று. இரவில் அறைக்கதவைச் சாத்திவிட்டு ஆசிரியை வெளியே போவார். காலையில் தட்டு காலியாக இருக்கும். அக்டோபர் 2, மூன்றாவது ஊசி நாள். அந்தக் கட்டத்தில் 'தட்டு காலி' என்பதற்கு மேல் எழுத ஒன்றும் இல்லை.

பகலில் அவர் செய்தது ஒரு காரியம்தான். பீரோவிலிருந்து ஏழடி தள்ளி, அதற்குப் பக்கவாட்டில் தரையில் உட்கார்ந்து, செய்தித்தாளை வாய்விட்டுப் படித்தார். நேருக்கு நேர் உட்காரக் கூடாது, கண்ணைக் கண் பார்க்கக் கூடாது. பூனை மொழியில் உற்றுப் பார்ப்பது சண்டைக்கு அழைப்பு. நின்றபடி மேலிருந்து குனிவதும் கூடாது. குட்டிக்குத் தெரிந்த கால்களும் கைகளும் வாளியும் மேலிருந்துதான் வந்தன. தினம் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே குரல். கீழ்வீட்டுக்காரர்கள் மாஷிமா தனியாகப் பேச ஆரம்பித்துவிட்டார் என்று கவலைப்பட்டு பெங்களூருக்குப் போன் செய்ததாகவும் தகவல்.

அக்டோபர் 4 அதிகாலை வடக்கு சிக்கிமில் தெற்கு லோனக் ஏரி உடைந்து, தீஸ்தா ஆற்றில் வந்த வெள்ளம் சுங்தாங் அணையை அடித்துக்கொண்டு போனது. மறுநாள் செய்தித்தாள் முழுக்க அதுதான். முப்பது ஆண்டு வகுப்புகளில் கரும்பலகையில் வரைந்த ஆறு என்பதால், ஆசிரியை வழக்கத்தைவிட நீளமாகவே படித்திருக்க வேண்டும். பக்கம் திருப்பும்போது ஓரக்கண்ணில் ஏதோ அசைந்தது. குட்டி பீரோவுக்கு வெளியே தட்டருகில் நின்று தின்றுகொண்டிருந்தது. அவர் திரும்பவில்லை, படிப்பதையும் நிறுத்தவில்லை. அது உள்ளே போன பிறகு, கணக்குப் பாடத்துக்கு வைத்திருந்த பழைய மர ஸ்கேலை எடுத்துத் தரையில் அளந்தார். 84 அங்குலம்.

அதன் பிறகு தினமும் தட்டு ஓர் அங்குலம், இரண்டு அங்குலம் அவர் பக்கம் நகர்ந்தது. காலண்டரில் எண்கள் இறங்கின: 80, 77, 71. ஒன்பதாம் தேதி 60. அன்று குட்டி முதுகைக் காட்டிக்கொண்டு தின்றது. விலாவில் காயம் பளபளத்தது. மருந்து பிடிக்கிறதா என்று கிட்டத்தில் பார்க்கும் ஆசையில் ஆசிரியை எட்டிப் பிடித்துவிட்டார். இரண்டு விநாடிகூட இருக்காது. குட்டி மூத்திரம் போனது, கத்தியது, மறைந்தது. நான்கு நாள் தட்டு இரவில் மட்டுமே காலியானது. 13ஆம் தேதி மறுபடி வெளியே வந்தபோது ஸ்கேல் காட்டியது 90. ஒன்பதாம் தேதிக் கட்டத்தில் இரண்டே சொற்கள் இருக்கின்றன: "தவறு என்னுடையது."

இந்த இடத்தில்தான் பலர் கைவிடுகிறார்கள். பூனைக்கு நன்றியில்லை என்று சொல்லிவிட்டு விலகுவது எளிது. நாயைப் போல மனிதனை அண்டி, கூட்டமாக வாழ்ந்த பரம்பரையல்ல பூனை. தானியக் களஞ்சியத்து எலிகளுக்காகத் தானாக வந்து ஒட்டிக்கொண்ட தனி வேட்டைக்காரன். பிடித்து வைத்தால் அதற்குத் தெரிவது இரண்டு வழிதான். தப்புவது, முடியாவிட்டால் கீறுவது.

கண் சிமிட்டும் விஷயத்தை அவருக்குச் சொன்னது மருத்துவர். பூனையைப் பார்த்துக் கண்களை மெதுவாகப் பாதி மூடி, திறந்து, மறுபடி மூடினால் அதுவும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்கும் என்பது பூனை வளர்ப்பவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருவது. இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார் 2020ல் அதை முறையாகச் சோதித்தார்கள். முன்பின் தெரியாத ஆள்கூட இப்படிக் கண்ணைச் சிமிட்டிவிட்டுக் கையை நீட்டினால், வெறும் முகத்தோடு நீட்டும் கையைவிட அதனிடம் பூனைகள் அதிகம் நெருங்கி வந்தன. ஆசிரியை முதலில் நம்பவில்லை. செய்து பார்த்த மூன்றாம் நாள் பீரோ நிழலிலிருந்து பதில் வந்தது.

துர்கா பூஜை வந்தது. சந்து முனையில் பந்தல், நாள் முழுக்க டாக் மேளம். நவமியன்று, அதாவது அக்டோபர் 23, நான்காவது ஊசி. கூட்டத்தில் நீந்திப் போய்ப் போட்டுக்கொண்டு வந்தார். அன்றைய எண் 30. பழைய புடவையின் கரையைக் கிழித்து ஒரு குச்சியில் கட்டி ஆட்டினால் குட்டி பாய ஆரம்பித்திருந்தது. விளையாட்டில் ஒரு சௌகரியம் உண்டு: கை படாமலே கிட்டே வரலாம். (ஆடி முடிந்ததும் கரையை எடுத்து ஒளித்துவைக்க வேண்டும். நூலை விழுங்கினால் குடலை அறுத்துவிடும்.)

விஜயதசமிக்குப் பிறகு பெரியவர்களைக் கண்டு கால்தொட்டு வணங்கி இனிப்புக் கொடுப்பது வங்காள வழக்கம். சந்தேஷ் கடையில் வேலை செய்யும், பீகாரிலிருந்து வந்த இளைஞர் ஒரு பெட்டியோடு மாடி ஏறினார். படியில் செருப்புச் சத்தம் கேட்டவுடனேயே அறை நடுவில் இருந்த குட்டி பீரோவுக்கு அடியில். ஆனால் திரும்பிய வேகத்தில் ரோமமில்லாத இடது விலா வந்தவர் கண்ணில் பட்டுவிட்டது. காலைத் தொட்டு எழுந்தவர் சிறிது நேரம் பெட்டியைக் கொடுக்க மறந்து நின்றார். "மாஷிமா, அன்றைக்கு நான் பார்க்கவில்லை." ஆசிரியை உட்காரச் சொன்னார். அதற்குமேல் அதைப் பற்றி இருவரும் பேசவில்லை.

போலீஸுக்குப் போயிருக்கலாமே என்று மகன் போனில் கேட்டார். போயிருந்தால்? 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்படி முதல் குற்றத்துக்கு அபராதம் 10 ரூபாய்க்குக் குறையாமல், 50 ரூபாய்க்கு மிகாமல். அறுபது ஆண்டு தாண்டியும் அந்த எண் மாறவில்லை. ஒரு பெட்டி சந்தேஷ்கூட வராது. விலங்கை ஊனப்படுத்துவதைத் தண்டிக்கும் பிரிவு ஒன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்தது. ஆனால் அதற்கு அந்த விலங்கின் விலை குறைந்தது 10 ரூபாயாவது இருக்க வேண்டும். தெருப்பூனைக்கு யார் விலைச்சீட்டு எழுதுவது? 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் விலைக் கணக்கு இல்லை, ஐந்தாண்டு வரை சிறை உண்டு. வேண்டுமென்றே செய்ததாக நிரூபிக்க வேண்டும் என்பது அப்படியே இருக்கிறது. கயிறு கட்டிய சிறுவர்கள் யார் என்பதும் தெரியாது.

வங்காளத்து வீடுகளில் இதற்கு வேறொரு நீதிமன்றம் உண்டு. குழந்தைகளைக் காக்கும் சஷ்டி தேவிக்கு வாகனம் பூனை. விரதக் கதையில் ஒரு வீட்டின் கடைசி மருமகள் அடுப்படியில் திருடித் தின்றுவிட்டுக் கறுப்புப் பூனைமீது பழிபோடுகிறாள். பூனை அடி வாங்குகிறது. தேவியிடம் முறையிடுகிறது. பிறகு மருமகள் பெறும் ஒவ்வொரு குழந்தையும் இரவோடு இரவாகக் காணாமல் போகிறது. பூனை தூக்கிச் சென்று தேவியிடம் சேர்க்கிறது. கடைசியில் அவள் பூனையிடம் மன்னிப்புக் கேட்ட பிறகே குழந்தைகள் திரும்பக் கிடைக்கின்றன. தலைமுறை தலைமுறையாக இந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த ஊரில்தான் பூனை வாலில் கயிறும் ஏறுகிறது.

நவம்பர் 4. நீளமான கரண்டியில் மீன் கொடுப்பது விரல்நுனியில் கொடுப்பதாக மாறி ஒரு வாரம் ஆகியிருந்தது. தின்று முடித்த குட்டி விரலை முகர்ந்தது, பிறகு தன் கன்னத்தை அதன்மேல் ஒருமுறை இழுத்தது. பூனைகளுக்குக் கன்னத்தில் வாசனைச் சுரப்பிகள் உண்டு. தேய்ப்பது சொந்தம் கொண்டாடும் அடையாளம். ஆசிரியை விரலை அசைக்கவில்லை. அடுத்த நாள் ஒரே விரலால் கன்னம், தாடை. முதுகு பல நாள் கழித்து. இடது விலாவும் வாலும் கிடையவே கிடையாது. தொட்டுக்கொண்டிருக்கும்போதே சில விநாடிக்கு ஒருமுறை அவர் கையை எடுத்துவிடுவார். இன்னும் வேண்டுமென்றால் குட்டியே வரட்டும்.

எட்டே நாளில் காளி பூஜை. வெடிச் சத்தத்துக்கு மேற்கு வங்கத்தில் நெடுங்காலம் இருந்த 90 டெசிபல் வரம்பை 2023ல்தான் 125 ஆக உயர்த்தியிருந்தார்கள். நாம் கேட்பதைப்போல மூன்று மடங்கு உயர்ந்த ஒலியைக்கூடப் பிடிக்கும் காது பூனைக்கு. நவம்பர் 12 அன்று சாயங்காலமே சன்னல்களை அடைத்து, மின்விசிறியை முழு வேகத்தில் விட்டு, பீரோவின் முன்பக்கத்தில் கந்தாத் துணி மெத்தையைத் தொங்கவிட்டார். முதல் வெடிக்கே குட்டி உள்ளே போய்விட்டது. அவர் வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாளை எடுத்து நள்ளிரவு வரை படித்தார். கேட்டதோ இல்லையோ. காலண்டரில் 12, 13, 14 வெறுமையாக இருக்கின்றன. 15ஆம் தேதி காலை குட்டி தானாக வெளியே வந்து, ஏழடியையும் கடந்து, விரலில் கன்னத்தைத் தேய்த்தது. முதல் தடவை பத்து நாள், இந்தத் தடவை மூன்று.

அன்றுதான் பெயர் ஏறியது: தீஸ்தா. ஸ்கேல் மறுபடி பெட்டிக்குள் போனது.

ஜனவரியில் கருத்தடை அறுவைக்கு எடுத்துப்போக வேண்டியிருந்தது. நம்பிக்கை கொடுத்த கையே பிடிக்கவும் வேண்டும் என்பதால் அவர் இரண்டு வாரம் முன்பே ஒரு மூடிக் கூடையை அறையில் திறந்து வைத்து, தன் பழைய புடவையை விரித்து, மீனை அதற்குள்ளேயே வைத்து வந்தார். புறப்படும் நாளில் மூடியைச் சாத்தியதோடு சரி. திரும்பி வந்து ஒரு நாள் கோபமாக இருந்தது.

எல்லாம் சரியாகிவிட்டதாகச் சொல்ல முடியாது. தீஸ்தாவை இன்னும் யாரும் தூக்க முடியாது. ஆசிரியையின் மடியில் வந்து உட்காரும், ஆனால் அவர் இரு கைகளாலும் செய்தித்தாளைப் பிடித்திருந்தால் மட்டும். தேநீர்க் கெட்டிலில் ஆவி கிளம்பினால் அறையைவிட்டே போய்விடும். கடையின் பின்புறம் வாளியைக் கவிழ்க்கும் முன் அந்த இளைஞர் விளிம்பில் இரண்டு முறை தட்டுகிறார். அந்தச் சத்தம் மாடிக்குக் கேட்கும்போதெல்லாம் அதன் காதுகள் பின்னால் சாய்கின்றன.

இதற்கிடையில் வீடு. வட கொல்கத்தாவின் பழைய வீடுகளுக்கு வரும் ஆள் இங்கேயும் வந்தார்: இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டித் தருவதாக, கட்டி முடியும்வரை வேறிடத்தில் வாடகை வீடு ஏற்பாடு செய்வதாக. இரண்டும் வேண்டாம், பெங்களூருக்கு வந்துவிடுங்கள் என்கிறார் மகன். ஆசிரியை இருவரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டார். சன்னல்களுக்கு வலை அடிக்க விடுவார்களா? அந்த பீரோ உள்ளே வருமா? மகன் சிரித்தார், பிறகு வாசல் அகலத்தை அளந்து அனுப்பினார். கட்டுமானக்காரர் இன்னும் பதில் சொல்லவில்லை.

அவருடைய ஆட்கள் ஒரு நாள் காலை அறையை அளக்க வந்தார்கள். நான்கு பேர், பூட்ஸ் சத்தம், இரும்பு நாடா தரையில் இழுபடும் சத்தம். பீரோவின் பக்கம் போனவரிடம் ஆசிரியை அந்தப் பக்கம் தானே அளந்து சொல்வதாகச் சொல்லிவிட்டு மர ஸ்கேலை எடுத்துவந்தார். அவர்கள் படியிறங்கிய பிறகு தரையில் உட்கார்ந்து செய்தித்தாளை விரித்தார். தீஸ்தா வெளியே வர நாற்பது நிமிடம் ஆனது.